முதலாளியம்மாவின் பதினான்கு நாள்

ஜூன் 4, வியாழன்

என் அருமை அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, இவ்வில்லத்தின் முதலாளியம்மா, வயது பத்து மாதம், ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு முதன்முறையாகக் கெட்டியாகப் போனார். நிகழ்ச்சியை அத்தை முன்னின்று நடத்தினார். அப்பா பல் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்வையிட்டார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துரை வழங்கினேன். கெட்டியாகப் போனபடியால் என் தங்கை இன்று முதல் கெட்டிக்காரி என்று அழைக்கப்படுவார்.

உனக்குப் போன் திரையைப் பார்த்தால் குமட்டுகிறதாம். முதலாளி குரலைக் கேட்டால் அழுகிறாயாம், நீ அழுதால் நர்ஸ் போனைப் பிடுங்கிவிடுகிறாராம். எல்லாம் அப்பா சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். அப்பாவின் பார்சல் வேன் திங்களும் வியாழனும் உன் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகிறது. உன் துணிப்பை கேட் காவலாளியிடம் வரும்போது கடிதமும் கூடவே வரும். கிருமி ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று இஸ்திரி போட்டிருக்கிறேன். மூலையில் பழுப்பாக இருப்பது இஸ்திரிப் பெட்டியின் கையெழுத்து.

ஆறு நாளாக இந்த வீட்டில் எல்லாமே போக்குதான், வரத்து இல்லை. வெள்ளிக்கிழமை முதலாளி தொடங்கி வைத்தார். ஞாயிறு அப்பா. திங்கள் அத்தை. பாவம் அத்தை, சீருடை தைக்கும் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துக்கொள்ள வந்தவர், குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அப்பா. "டேய், உங்கப்பன் உள்ள தூங்கிட்டானாடா?" என்று கேட்டார். டோக்கன் கொடுக்காத குறைதான். இப்போது எல்லோருக்கும் வாந்தி நின்றுவிட்டது. வதந்தி மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம் கேட்டைத் தொடாமல் குடைக் கம்பியால் தள்ளித் திறக்கிறார்.

இத்தனை பேர் விழுந்த களத்தில் தூண் மாதிரி நின்றவன் ஒருவன்தான். பெயர் சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது. என் சட்டைப் பையில் சானிடைசர், வயிற்றில் இரும்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேதி நின்று நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனால் போதும் என்று முதலாளி போகும் குழந்தைகள் காப்பகத்துத் தாளில் அச்சடித்தே இருக்கிறது. சனிக்கிழமை காலையோடு நாற்பத்தெட்டு முடிகிறது. உன் கடைசிக் கீமோ ஊசியும் முடிந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் நீ வந்துவிடு. எனக்கு அத்தையின் உப்பு குறைந்த சமையல் போதும்.

இப்படிக்கு,
இரும்பு வயிறன்

*

ஜூன் 7, ஞாயிறு

என் வாலுக்கு,

அம்மாவின் முத்தம். இருபது வருஷமாகத் தபால் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியிருக்கிறேன். இஸ்திரி போட்ட தபாலை இப்போதுதான் பார்க்கிறேன். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வார்டு சிஸ்டர் மோப்பம் பிடித்து, "என்னம்மா, ஏதோ கருகற வாசனை வருது?" என்றார். "என் மகன்தான்" என்றேன்.

கெட்டிக்காரிச் செய்தியைப் பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கக் கூடாத இடத்தில் அவருக்குத் தையல் போட்டிருக்கிறது. இனி முன்கூட்டியே எச்சரித்துவிட்டு ஜோக் எழுது.

சனிக்கிழமை வரச் சொன்னாய். துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்கத்தான் போனேன். சிஸ்டர் என்னை உட்கார வைத்துவிட்டார். "உங்க ரத்தத்துல இப்ப காவல்காரன் ரொம்பக் கம்மிம்மா. மத்தவங்களுக்கு ரெண்டு நாள் வயித்துவலி. உங்களுக்கு வந்தா மறுபடி முதல்லேர்ந்து" என்றார். காப்பகத்துத் தாள் எனக்குச் செல்லாதாம்.

அதனால் ஒரு வேலை செய். வீட்டில் யார் யாருக்கு வந்தது, ஒவ்வொருவருக்கும் கடைசியாக என்றைக்குப் போனது, இதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி அனுப்பு. பெரிய டாக்டர் அதைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார். உன் அப்பாவிடம் கேட்காதே, அவர் தன் பிறந்த நாளையே என்னிடம்தான் கேட்பார். அத்தைக்குத் தான் விழுந்ததை ஒப்புக்கொள்ளவே ஒரு வாரம் ஆகும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

இன்னொன்று. கேட் சத்தம் கேட்டால் அவள் இன்னும் திரும்பிப் பார்க்கிறாளா? நான் வேலை முடிந்து வரும்போது பார்ப்பாளே, அப்படி. பதில் எழுத மறக்காதே. அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. இஸ்திரி போடும்போது பாதம் கருகாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

*

ஜூன் 11, வியாழன்

அருமை அம்மாவுக்கு,

எச்சரிக்கை: கீழே ஜோக் உண்டு. பக்கத்துக் கட்டில் அம்மாள் தையலைப் பிடித்துக்கொள்ளவும்.

சரியாகிப்போன குழந்தையிடமிருந்து எத்தனை நாளுக்குக் கிருமி பரவும்? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தேன். காப்பகத்து அக்கா இரண்டு நாள் என்றார்; பிறகு என் முகத்தைப் பார்த்து, "எதுக்கும் மூணு நாள் வெச்சுக்கோப்பா" என்றார். மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் என்று சொல்லி இரண்டு பாட்டில் விற்கப் பார்த்தார். அத்தைக்கு வாசனைதான் கணக்கு. நாற்றம் போனால் நோய் போச்சாம். அப்பாவோ வாந்தி நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார். அத்தை பேதி நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார். நேற்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எதைப் பற்றி என்று நினைவு வந்ததும் இரண்டு பேரும் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

கடைசியாகக் குழந்தை டாக்டரிடமே போனேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"என்னப்பா அது?"

"சானிடைசர் டாக்டர். ஆயுதம்."

"இந்தக் கிருமி அதுக்கெல்லாம் பெருசா பயப்படாது. சோப்பு, ஓடற தண்ணி. நல்லா தேய்க்கணும். நாப்கின் மாத்தினா ஒவ்வொரு தடவையும்."

"தங்கச்சிக்குத்தான் சரியாயிடுச்சே டாக்டர்."

"அவளுக்குச் சரியாயிடுச்சு. கிருமிக்கு இன்னும் காலி பண்ண மனசு வரலை. ரெண்டு வாரம் வரைக்கும் மலத்துல வெளிய வந்துட்டே இருக்கலாம். கைக்குழந்தைன்னா சில சமயம் அதுக்கு மேலயும்."

"அப்ப ரெண்டு நாளா, ரெண்டு வாரமா?"

"யாருக்காகக் கேக்கறேங்கறதைப் பொறுத்து. காப்பகத்துக்குன்னா ரெண்டு நாள். உங்கம்மாவுக்குன்னா அங்க இருக்கற டாக்டர்தான் சொல்லணும்."

ஒரே குழந்தை, ஒரே வயிறு, இரண்டு கணக்கு. எனக்குத் தலை சுற்றியது. எனக்கென்னவோ டாக்டர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றுதான் தோன்றுகிறது. முதலாளி நேற்று ஒரு முழு வாழைப்பழத்தை மசித்துத் தின்று, மீதியை என் காதில் வைத்தார். இவரா நோயாளி? சானிடைசரையும் நான் கைவிடுவதாக இல்லை. பதிமூன்று நாளாக என்னை ஒன்றும் அண்டவில்லையே, அதற்கு என்ன பதில்?

பாதம் வரைந்து வைத்திருக்கிறேன். பிடித்து நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஆறு விரல் தெரிந்தால் பயப்படாதே, பென்சில் வழுக்கிவிட்டது. கேட் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறாரா என்று கேட்டாய். பார்க்கிறார், பார்க்கிறார். தெருநாய் குரைத்தாலும் பார்க்கிறார்.

நீ கேட்ட தாள்:

முதலாளி – கடைசி, ஜூன் 3.
அப்பா – கடைசி, ஜூன் 1.
அத்தை – கடைசி, ஜூன் 2 (தான் விழவே இல்லை என்கிறார்).
மகன் – எதுவும் இல்லை. எப்போதும் இல்லை. இனியும் இல்லை.

இப்படிக்கு,
தலைமைப் புள்ளிவிவர அதிகாரி

*

ஜூன் 14, ஞாயிறு

என் அதிகாரிக்கு,

தாளைச் சிஸ்டர் படித்தார். உன் வரியில் வந்ததும், "இது யாரு, பட்டாளத்துல இருக்காரா?" என்று கேட்டார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் தாளைப் பத்திரமாக என் கோப்பில் செருகினார். வீட்டில் கடைசியாக யாருக்கு நின்றதோ அந்த நாளிலிருந்து பதினான்கு நாள். ஜூன் 3 என்றால் 17 வரை. 22ஆம் தேதி திங்கட்கிழமை அவர் வந்து கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு உன் அப்பாவின் வேனிலேயே வீட்டுக்கு வருகிறேன், பார்சலோடு பார்சலாக.

அதன் பிறகும் சில நாளைக்கு நாப்கின் பக்கம் நான் போகக் கூடாதாம். தூக்கலாம், கொஞ்சலாம், உடனே கையைக் கழுவிக்கொள்ள வேண்டுமாம். தூக்கலாம் என்று அவர் சொன்னதை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாதத்தை என் உள்ளங்கை மேல் வைத்துப் பார்த்தேன். நான் வரும்போது என் மணிக்கட்டு ரேகைக்குள் அடங்கியது. இப்போது தாண்டி நிற்கிறது. ஆறாவது விரலைச் சேர்க்காமல்தான் சொல்கிறேன்.

கேட் விஷயத்தில் ஒரு நாயைக் குறுக்கே விட்டிருக்கிறாய். சரி, நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டரை மிகைப்படுத்துகிறார் என்று சொல்லாதே. சோப்புப் போட்டுக் கை கழுவு.

இன்னும் எட்டே நாள்.

அம்மா

*

ஜூன் 18, வியாழன்

அருமை அம்மாவுக்கு,

வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முதலாளியம்மா தமது பதவியை ராஜினாமா செய்துவிட்டார். கெட்டிக்காரி பட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருக்கு மறுபடி தண்ணீராகப் போனது. கொஞ்சம்தான். ஆனால் போனது போனதுதான்.

அதனால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 14லிருந்து பதினான்கு நாள் என்றால் 28. அதற்கடுத்த திங்கள் 29. நீ 22ஆம் தேதி வர வேண்டாம். 29க்கு வா. ஏழு நாள்தானே வித்தியாசம், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். உனக்குத்தான் திரையைப் பார்த்தால் குமட்டுகிறதே, கண்ணை மூடியே வைத்திரு.

அப்பாவிடமும் அத்தையிடமும் இதைப் பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நாப்கினை நான்தான் மாற்றினேன். தாளில் முதலாளி பெயருக்கு எதிரே தேதியை மாற்றச் சொல். மற்றபடி எல்லோரும் நலம். வெயில் நலம். கேட் நலம்.

இப்படிக்கு,
மகன்

*

ஜூன் 18, வியாழன், அதே நாள்

கண்ணா,

அப்பாவைக் காக்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பார்வையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். உள் தொலைபேசியில் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையா? இல்லையே. நல்லா சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கா. ரெண்டு தடவை நானே மாத்தினேன்" என்கிறார். அத்தைக்குப் போன் போட்டும் கேட்டுவிட்டார். அவரும் இல்லை என்கிறார்.

உன் அப்பாவுக்குத் தேதி மறக்கும். அத்தைக்கு மறக்காது. அப்படியென்றால் நீ சொல்வது என்ன? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வந்துவிடு என்றாய். இப்போது வராதே என்கிறாய். நடுவில் என்ன ஆனது? என் தலை இப்போது எப்படி இருக்கிறது என்று அப்பா சொல்லியிருப்பார். அதைப் பார்க்க உனக்குப் பயமாக இருந்தால் சொல்லிவிடு, துணி கட்டிக்கொண்டு வருகிறேன். அத்தை இருக்கும் வீடு உனக்குப் பழகிவிட்டதா? அதையும் சொல். கோபப்பட மாட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தால் எந்தத் தாளைக் காட்டுவது? முதல் தாளையா, இந்தக் கடிதத்தையா? ஒரு தடவை ஜோக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுது.

அம்மா

*

ஜூன் 19, வெள்ளி

அம்மா,

இதை உன் தபால் அலுவலகத்தில் நின்று எழுதுகிறேன். சாய்வு மேசையில், நூல் கட்டிய பேனாவால். திங்கள் வேன் வரும்வரை காத்திருக்க முடியாது. விரைவுத் தபால் நாளைக்கே வந்துவிடும் என்றார்கள். உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புது ஆள் முத்திரையைத் தலைகீழாகக் குத்துகிறார். நீ வந்துதான் சரி செய்ய வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கையோடுதான் பேனாவைத் தொட்டேன்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜூன் 3க்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. தேதி உண்மை, முகவரிதான் பொய். தண்ணீராகப் போனது எனக்கு.

பன்னிரண்டாம் தேதி காலையில் தொடங்கியது. அந்தப் பட்டாளத்துத் தாளை உனக்கு அனுப்பி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. பத்தாம் தேதி நாப்கின் மாற்றினேன். டாக்டர் சோப்பு என்று சொல்லக் கேட்டுவிட்டு வந்த அதே சாயங்காலம். குளியலறையில் அத்தை இருந்தார். கதவைத் தட்டச் சோம்பல்பட்டு இரண்டு சொட்டு சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு ரொட்டியை எடுத்துக் கடித்தேன். டாக்டர் மிகைப்படுத்தவில்லை அம்மா. ஒரு வாரமாகக் கெட்டியாகப் போய்க்கொண்டிருந்த, வாழைப்பழத்தை என் காதில் வைத்துச் சிரித்த அந்தக் குழந்தையிடமிருந்துதான் எனக்கு வந்தது. வேறு எங்கேயும் போகவில்லை, வெளியில் எதுவும் தின்னவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டேன். அத்தை அப்பாவிடம், "பாருடா, அம்மா இல்லாத ஏக்கத்துல புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்று கண் கலங்கினார். அந்தக் கண்ணீருக்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

திங்கள் சாயங்காலம் உன் கடிதம் வந்தது. இன்னும் எட்டே நாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு முதலில் வந்த நினைப்பு, சொல்லாமல் விட்டுவிடலாம் என்பதுதான். உனக்கு நாளும் தள்ளிப்போகாது, என் இரும்பு வயிற்றுக்கும் துரு தெரியாது. அடுத்ததாக ஒரு நினைப்பு வந்தது. ஆறாம் தேதி சனிக்கிழமை மதியம் நீ வா என்று எழுதினேனே. நீ துணியை மடித்தே வைத்துவிட்டாய். அந்தச் சிஸ்டர் மட்டும் உன்னை உட்கார வைக்காமல் இருந்திருந்தால், முதலாளியைத் தூக்கி, நாப்கினை மாற்றி, எனக்கு வந்தது உனக்கு வந்திருக்கும். முதல்லேர்ந்து என்று அவர் சொன்னதை உன் கடிதத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு வயிறு காரணம் இல்லை.

உன்னை நிறுத்தவும் வேண்டும், என் மானமும் போகக் கூடாது. அதனால் பேச்சு வராத ஆள் மேல் பழியைப் போட்டேன். பத்து மாதக் குழந்தை மறுப்பறிக்கை விடாது என்ற தைரியம்தான்.

நேற்று உன் கடிதத்தைப் படித்த உடனே அத்தையிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. ஒரு வாளியையும் பிளீச்சிங் பவுடரையும் கையில் கொடுத்து, "தேய்" என்றார். தாழ்ப்பாள், குழாய், மக், கதவுப் பிடி எல்லாம் தேய்த்தேன். அப்பா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரீட்சை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் தலைக்குப் பயப்படவில்லை. முதலாளிக்கும் முடி இல்லை, நான் அவரோடு இருக்கவில்லையா? துணி கட்டாமலே வா.

கேட் விஷயம். நாயைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தாள். இப்போது பார்ப்பதில்லை. கேட் திறந்தால் என் முகத்தைப் பார்க்கிறாள், யார் என்று நான் சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை அம்மா. நேற்று சாயங்காலத்திலிருந்து யார் வந்தாலும் "அது அம்மா இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் 29ஆம் தேதி கேட் திறக்கும்போது சொல்வதற்கு என்னிடம் வேறு வார்த்தை தயாராக இருக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான்.

டாக்டரிடம் கீழே இருப்பதைக் காட்டு. முதல் தாளைக் கிழித்துவிடச் சொல். 29ஐயும் அவரே முடிவு செய்யட்டும். நான் இனிமேல் யாருக்கும் நாள் குறிப்பதில்லை.

முதலாளி – கடைசி, ஜூன் 3.
அப்பா – கடைசி, ஜூன் 1.
அத்தை – கடைசி, ஜூன் 2 (நேற்று ஒப்புக்கொண்டார்).
மகன் – ஜூன் 12 தொடக்கம். கடைசி, ஜூன் 14, மதியம். மொத்தம் ஆறு தடவை.

இப்படிக்கு,
உன் வாலு

பி.கு. கவரை ஒட்டப்போனவன் மறுபடி பிரித்தேன். ஆறு இல்லை. பதினொன்று. கடைசித் தடவை குளியலறைவரை போய்ச் சேரவும் இல்லை. அத்தைக்குத் தெரியாமல் நானே துவைத்த கால்சட்டைக்கு இஸ்திரி மட்டும் போடவில்லை.